நாற்பத்தொரு ஆட்சேபனைகள்

போன செவ்வாய்க்கிழமை காலை பல் விளக்கிக்கொண்டிருந்தபோது தொலைபேசி ஒருமுறை சிணுங்கி அடங்கியது. இந்த நேரத்தில் யாரோ என்னை நினைத்திருக்கிறார்களே என்று வாயில் நுரையோடு ஓடிப்போய்ப் பார்த்தேன். நினைத்தது ஒரு கிராம நிர்வாகம். பீல் நகரத்திலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம் போனால் வரும் மரக்கறிச் சமவெளியில் இருக்கிறது அந்தக் கிராமம். இந்த நாட்டுக்கு வந்த புதிதிலிருந்து பதினான்கு வருடம் அங்கே இருந்தேன். அங்கிருந்து பீலுக்குக் குடிவந்து எத்தனையோ காலமாகிவிட்டது. ஆனாலும் அதன் அறிவித்தல்கள் இன்றைக்கும் என் தொலைபேசிக்கு வருகின்றன. ஏன் என்று மனைவி கேட்டால், நிறுத்துவதற்கான பொத்தான் எங்கே என்று தெரியவில்லை என்பேன்.

அன்றைய அறிவித்தல் இதுதான். முன்னாள் பால் சேகரிப்பு நிலையம், பின்னர் ஆசிய உணவுக் கடை, தற்போது வெறுமை. நாய்களுக்கு முடி வெட்டும் நிலையமாக மாற்ற விண்ணப்பம். வரைபடங்களை அலுவலகத்தில் பார்வையிடலாம். ஆட்சேபனை உள்ளவர்கள் முப்பது நாட்களுக்குள் எழுத்தில் தெரிவிக்கலாம்.

நுரையை விழுங்கிவிட்டேன்.

இப்போது எல்லாம் கண்ணாடித் திரையில் வருகிறது. அந்தக் காலத்தில் அறிவித்தல் பத்திரிகை வியாழக்கிழமைதோறும் தபால்பெட்டிக்குள் வந்து விழும். காசு கேட்காது. நாங்கள் அதை ‘அன்சைகர்’ என்போம். பிரித்தால் மை மணக்கும், விரல் கறுக்கும். அதற்குள் ஒரு முழு உலகம் இருந்தது. வேலியை எத்தனை அடிக்கு மேல் வளரவிடக்கூடாது, நாய் வைத்திருப்பவர் எந்தத் திகதிக்குள் வரி கட்டவேண்டும், ஞாயிற்றுக்கிழமை புல் வெட்டும் மெஷினை ஏன் தொடக்கூடாது, யாருடைய வளவுக்குள் யார் வாகனம் நிறுத்தினால் நீதிபதிக்குக் கோபம் வரும். பின்பக்கம் வியாபாரம். உருளைக்கிழங்கு மூட்டைக் கணக்கில், பாவித்த ட்ராக்டர், சினைப்பசு, அக்கோர்டியன் வகுப்பு. ஒரு நாடே இப்படி ஒன்றுக்கொன்று எழுத்தில் அறிவித்துக்கொண்டு சண்டை இல்லாமல் வாழ்கிறதே என்று நான் அதிசயித்தேன். சண்டையை எழுத்தில் போடுகிறார்கள் என்பது பிறகுதான் விளங்கியது.

அந்தப் பத்திரிகையில்தான் நான் ஜெர்மன் படித்தேன். அதனால் முதல் ஆறு மாதத்தில் எனக்குக் கடையில் ஒரு றாத்தல் பாண் கேட்கத் தெரியாது, வேலி வெட்டாவிட்டால் வரும் தண்டனையைச் சொல்லத் தெரியும். பகலில் பீலில் கைக்கடிகாரத்துக்குத் திருகாணி பூட்டும் வேலை. மாலையில் கிராமத்துத் தமிழர்களின் ஆஸ்தான மொழிபெயர்ப்பாளர். ‘அவருக்குச் சட்டம் அத்துப்படி’ என்று என்னைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள். நான் மறுக்கவில்லை. இருபத்தாறு வயதில் யார் மறுப்பார்கள்?

குணம் அண்ணை என்னிடம் வந்தது அப்படித்தான். அவர் இன்டர்லாக்கனில் ஒரு ஹோட்டல் சமையலறையில் ஏழு வருடம் கோப்பை கழுவியவர். ஊரில் கிராம முன்னேற்றச் சங்கத்தின் செயலாளராக இருந்தவர் என்பதால் கோப்பை கழுவும்போதும் கூட்டம் நடத்துவது போலவே நிற்பாராம். பால் கூட்டுறவுச் சங்கம் தங்கள் பழைய கட்டடத்தை வாடகைக்கு விடுகிறது என்று கேள்விப்பட்டதும் தமிழ்க்கடை போடுவது என்று முடிவெடுத்துவிட்டார். முடிவெடுத்த கையோடு வேலையையும் விட்டார். விட்டதோடு நிற்காமல் தலைமைச் சமையல்காரரிடம் ஏழு வருடமாக மனதில் வைத்திருந்த அத்தனையையும் சொல்லிவிட்டு வந்தார். ஆகவே திரும்பிப் போக வழியில்லை. மார்கழி பிறக்குமுன் அனுமதி கிடைக்காவிட்டால் கட்டடம் ட்ராக்டர் உதிரிப்பாகம் விற்பவருக்குப் போய்விடும் என்று சங்கம் எழுத்தில் அறிவித்திருந்தது.

அவருடைய விண்ணப்பம் பத்திரிகையில் வந்த அன்று அதை நான் சத்தமாக வாசித்து விளக்கினேன். ஆட்சேபனை உள்ளவர்கள் முப்பது நாட்களுக்குள், காரணத்துடன், பதிவுத் தபாலில்.

குணம் அண்ணை யோசித்தார்.

“எதிர்க்கிறவன் எழுதலாமெண்டா, ஆதரிக்கிறவன் வாயைப் பொத்திக்கொண்டு இருக்கிறதோ தம்பி?”

நியாயமான கேள்வி. ஊரில் ஒரு பஸ் வேண்டுமென்றால், ஒரு பாலம் வேண்டுமென்றால் மகஜர்தான். எவ்வளவு கையெழுத்தோ அவ்வளவு பலம். எதிர்ப்பை மட்டும் கேட்டு வாங்கி, ஆதரவை வேண்டாம் என்று சொல்லும் அரசாங்கம் உலகத்தில் இருக்கும் என்று எங்கள் இருவருக்கும் தோன்றவேயில்லை. சட்டம் அத்துப்படியான எனக்கும் தோன்றவில்லை.

“எழுதித் தள்ளு. பேப்பர் பாரமா இருந்தாத்தான் பெரியவன் குனிஞ்சு பாப்பான்,” என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சோறு சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தேன். சுற்றுவட்டாரத்தில் இருந்த நாற்பது தமிழர் பெயரில் நாற்பது கடிதம். எல்லாம் என் ஒரே கையெழுத்தில். ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் வேண்டுமே. கத்தரிக்காய் கிடைக்காமல் உடல் மெலிந்தவர், பச்சை மிளகாய் இல்லாததால் மனைவி பேச மறுப்பவர், பிள்ளைக்குப் புட்டு என்றால் என்னவென்று படம் வரைந்து காட்டவேண்டிய நிலையில் இருப்பவர். என் கற்பனை அன்று போல் பிறகு எப்போதும் ஓடியதில்லை. கடைசிக் கடிதம் என்னுடையது. அதற்குள் காரணங்கள் தீர்ந்துவிட்டன. ‘நானும் அவ்வாறே’ என்று எழுதி மடித்துவிட்டேன். மறுநாள் தபால் கந்தோர்ப் பெண் நாற்பது பதிவுத் தபாலுக்கும் முத்திரை குத்திக் களைத்துப் போனாள்.

இந்த நாட்டில், அந்த முப்பது நாட்களில், கிராம அலுவலகத்தில் கடிதம் போடும் தட்டு ஒன்றுதான் இருந்தது. அதன் பெயர் ஆட்சேபனை. எங்கள் நாற்பதும் அதற்குள் போயின. ஏற்கெனவே அங்கே ஒன்று கிடந்தது.

இரண்டு கிழமை கழித்து நாற்பது தபால்பெட்டிகளிலும் ஒரே நாளில் மஞ்சள் துண்டு விழுந்தது. பதிவுத் தபால் வந்திருக்கிறது, வந்து கையொப்பமிட்டு எடுக்கவும்.

இதை இன்றைய பிள்ளைகளுக்கு விளக்குவது கஷ்டம். அவர்களுக்குப் பதிவுத் தபால் என்றால் கடன் அட்டையோ, கூடிப்போனால் வேகமாக ஓட்டிய கார்ப் படமோ. எங்களுக்கு அது ஒன்றுதான். அகதி விண்ணப்பத்தின் முடிவு. நல்ல முடிவை யாரும் கண்டதில்லை. மஞ்சள் துண்டைக் கண்டவன் அன்று சாப்பிட மாட்டான்.

அன்று பின்னேரம் வேலை முடிந்து வந்தால், என் கதவடியில் பாலன் ஒரு சூட்கேசோடு உட்கார்ந்திருந்தான். பாலன் எங்களில் மிகவும் அமைதியானவன். லீக்ஸ் மரக்கறித் தோட்டத்தில் வேலை. பேசினால் காசு போய்விடும் என்பதுபோல் பேசாமல் இருப்பவன். கடிதத்தை எடுத்திருந்தான். பிரிக்கவில்லை. சூட்கேசுக்கு மேல் கம்பளிச் சட்டையை மடித்து வைத்திருந்தான்.

“என்ர பேரில என்னடாப்பா எழுதினனி?”

கோபமாகக் கேட்டிருந்தால் சமாளித்திருப்பேன். அவன் பயந்து கேட்டான். பச்சை மிளகாய்க்காக மனைவி பேச மறுக்கும் ஆளாக அவனைத்தான் எழுதியிருந்தேன். அவனுக்கு அப்போது கல்யாணமே ஆகவில்லை. வேடிக்கைக்கு எழுதியது. இன்றைக்கும் அந்தச் சூட்கேசை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது. மன்னிப்புக் கேட்டேனா என்றால், இல்லை. கடிதத்தை வாங்கிப் பிரித்தேன்.

‘ஆசிய உணவுக் கடைக்கு எதிரான உங்கள் ஆட்சேபனை கிடைக்கப்பெற்றது. சமரசக் கூட்டத்துக்கு அழைக்கிறோம்.’

இரண்டு முறை வாசித்து விளக்கினேன். பாலன் கதவில் சாய்ந்துகொண்டான்.

“அப்ப நான் குணம் அண்ணையின்ர கடைக்கு எதிரியே?”

“எல்லாரும்தான். நானும்.”

“திருப்பி அனுப்பமாட்டாங்கள்தானே?”

“இல்லையடா.”

சூட்கேசைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். குணம் அண்ணையிடம் விஷயத்தைச் சொன்னபோது அவர் கதிரையில் இருந்து எழும்பவில்லை. தன் கடைக்கு எதிராகத் தானே நாற்பது பேரைத் திரட்டிய செயலாளர் உலகத்திலேயே அவர் ஒருவர்தான். திட்டுவார் என்று காத்திருந்தேன். “மார்கழிக்கு இன்னும் ஒரு மாசம் கிடக்குத்தானே தம்பி?” என்று மட்டும் கேட்டார். கிடக்கிறது என்றேன். இருந்தது பதினெட்டு நாள்.

சமரசக் கூட்டம் தீயணைப்புப் படையின் வெற்றிக் கோப்பைகள் அடுக்கிய பொது மண்டபத்தில் நடந்தது. நாற்பது பேரும் வந்தோம். கூட்டம் என்றால் வெறுங்கையோடு போவதா என்று இரண்டு வாளி நிறைய றோல்ஸும் வடையும் வந்தன. கிராமத் தலைவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஆட்சேபனைகளை ஒன்றொன்றாக வாசித்தார். அவருக்குச் சட்டம் அப்படி.

“ஆட்சேபனை பதினேழு. பச்சை மிளகாய் கிடைக்காததால் மனைவி பேசுவதில்லை. இதை நிலைநிறுத்துகிறீர்களா, வாபஸ் பெறுகிறீர்களா?”

பாலன் எழுந்து நின்று வாபஸ் பெற்றான். கையெழுத்து வைத்தான். இப்படி நாற்பது தடவை. தலைவர் ஒருமுறைகூடச் சிரிக்கவில்லை. நான் அந்த மனிதரை அன்று தொடங்கி மதிக்கிறேன்.

தட்டின் அடியில் கிடந்த நாற்பத்தோராவதுதான் உண்மையான ஆட்சேபனை. கடைக்குப் பக்கத்து வீட்டு விவசாயி, பாலனின் முதலாளி. கிராமத்து லீக்ஸில் பாதி அவருடையது என்பதால் நாங்கள் அவரை லீக்ஸ்காரர் என்போம். அவருடைய காரணம் மணம். கடை திறந்தால் மணம் வரக்கூடும் என்று எழுதியிருந்தார். இந்த மனிதர் வருடத்தில் ஆறுதரம் தன் வயல் முழுக்க மாட்டுச் சாணிக் கரைசலை விசிறுபவர். அந்தக் கிழமைகளில் கிராமத்தில் யாரும் ஜன்னல் திறப்பதில்லை. தேவாலயத்தில் பாதிரியார் பிரசங்கத்தைச் சுருக்குவார்.

குணம் அண்ணை என் காதில் சொன்னார். “உவற்ற வயலில அடிக்கிறதுக்கு என்ன பேர் எண்டு ஒருக்காக் கேள் தம்பி.”

நான் எழுந்து, “விண்ணப்பதாரர் உங்கள் கவலையை மதிக்கிறார்,” என்று மொழிபெயர்த்தேன். என் வாழ்நாளின் சிறந்த மொழிபெயர்ப்பு அது.

இடைவேளையில் லீக்ஸ்காரர் மூன்று றோல்ஸ் சாப்பிட்டார். நான்காவதை எடுத்துக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப்பைக்குள் வைத்தார். பிறகு ஆசனத்துக்குத் திரும்பி, ஆட்சேபனையை நிலைநிறுத்துகிறேன் என்றார்.

அவருடைய ஆட்சேபனை ஒன்று என்பதால் நிராகரிக்கப்பட்டது. அனுமதி வந்தது, நிபந்தனைகளோடு. கருவாடு மூடிய பெட்டிக்குள் இருக்கவேண்டும், கடைக்கதவு தேவைக்கு மேல் திறந்திருக்கக்கூடாது, சமைக்கக்கூடாது. மார்கழி பிறப்பதற்கு இரண்டு நாள் முன்பு கடை திறந்தது. குணம் அண்ணை கற்பூரத்தைக் கொளுத்திவிட்டு, மணம் வெளியே போய்விடுமோ என்று உடனே ஊதி அணைத்தார்.

மூன்றாவது வியாழக்கிழமை லீக்ஸ்காரர் வந்தார். வாசலில் நின்று மூக்கை உறிஞ்சினார். தலையை ஆட்டினார். பிறகு, எங்கள் ஆட்கள் வெங்காயம் அதிகம் வாங்குவார்கள் என்று பாலன் சொன்னதாகவும், தன்னிடம் இருப்பதாகவும் சொன்னார். அதன் பிறகு ஒவ்வொரு வியாழனும் வெங்காயப் பெட்டியோடு வந்து, மூக்கை உறிஞ்சி, தலையை ஆட்டி, ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டுப் போவார். ஆட்சேபனையை அவர் சாகும்வரை வாபஸ் பெறவில்லை.

கடையின் முன்கண்ணாடியில் எங்கள் ஆட்கள் அறிவித்தல்களை ஒட்டினார்கள், அந்தக் கண்ணாடிதான் எங்களுடைய அன்சைகர். அறை வாடகைக்கு, கார் ஓட்டப் பழக்கப்படும், அரங்கேற்றம், பூப்புனித நீராட்டு, மரண அறிவித்தல், முப்பத்தோராம் நாள் நினைவஞ்சலி. எல்லாவற்றிலும் படம் இருக்கும். கிராமத்தார் நின்று பார்ப்பார்கள். இவர்கள் ஏன் இவ்வளவு சாகிறார்கள் என்று லீக்ஸ்காரர் ஒருமுறை என்னைக் கேட்டார். அவர்கள் எங்கள் ஊரில் செத்தவர்கள், செய்தி இங்கே வருகிறது என்றேன். அன்று அவர் தேத்தண்ணியைக் குடித்து முடிக்கவில்லை.

பிறகு நாற்பது பேருக்கும் ஒவ்வொன்றாகக் கடவுச்சீட்டு வந்தது. ஒவ்வொருவர் பெயரும் பத்திரிகையில் வந்தது, புதிய பிரஜை என்று. வந்த கையோடு வீடு வாங்கிக்கொண்டு வேறு ஊர்களுக்குப் போனார்கள். நானும் அவ்வாறே. இப்போது பெரிய சூப்பர்மார்க்கெட்டில் கறிவேப்பிலை பிளாஸ்டிக் பெட்டிக்குள் விற்கிறார்கள். அதன் மணத்துக்கு யாரும் ஆட்சேபனை எழுதவில்லை, ஏனென்றால் அதில் மணம் இல்லை. குணம் அண்ணை முழங்கால் வலியோடு கடையைப் பூட்டிவிட்டு சூரிச்சில் மகளோடு இருக்கிறார்.

நாய் விஷயத்தை அவரிடம் தொலைபேசியில் சொன்னேன்.

“விடு தம்பி. நாய்க்கும் தலைமயிர் வளரும்தானே,” என்றார். பிறகு கேட்டார். “கண்ணாடியைக் கழட்டுவாங்களோ?”

தெரியாது என்றேன்.

மறுநாள் வேலைக்கு லீவு போட்டுவிட்டுக் கிராம அலுவலகத்துக்குப் போனேன். வரைபடத்தில் கண்ணாடி இல்லை. அந்த இடத்தில் சுவர். கவுண்டரில் இருந்த பெண் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தமிழில் பேசினாள். பாலனின் மகள். கல்யாணமே ஆகாதிருந்தவனின் மகள்.

ஆட்சேபனை எழுதவேண்டும் என்றேன். படிவம் தந்தாள்.

“அங்கிள், நீங்கள் இப்ப பீலிலதானே இருக்கிறீங்கள்?”

“ஓம்.”

“அப்ப இதால உங்களுக்கு என்ன பாதிப்பு எண்டு எழுதோணும். இந்தப் பெட்டிக்குள்ள.”

“எழுதாட்டி?”

“எடுக்கேலாது அங்கிள்.”

“வேற ஆரும் எழுதினவையோ?”

“ஒருத்தரும் இல்லை.”

பேனாவை வாங்கினேன். ஒரு மதியத்தில் முப்பத்தொன்பது காரணம் கண்டுபிடித்த கை, பெட்டிக்கு மேலே நின்றது. பின்னால் ஒருவர் நாய் வரி கட்டக் காத்திருந்தார். எனக்குத் தெரிந்த காரணம் ஒன்றுதான், அன்று என் கடிதத்தில் எழுதியதுதான். ஆனால் ‘நானும் அவ்வாறே’ என்று எழுத, முன்னால் முப்பத்தொன்பது பேர் இருக்கவேண்டும்.