அக்காவின் கிசுகிசு

என் அக்கா பள்ளிக்கூட நர்ஸ். பிள்ளைகளின் எடை, உயரம், கண் எல்லாம் கச்சிதமாகப் பார்ப்பாள். காதுப் பரிசோதனைக்குத்தான் லாயக்கில்லை. பிள்ளையைச் சுவரைப் பார்த்து நிற்கவைத்து, பின்னாலிருந்து ஒரு சொல்லைக் கிசுகிசுக்க வேண்டும். பிள்ளை அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். அக்கா ரகசியம் பேசினால் நாலு வீடு தள்ளிக் கேட்கும். அவளை இந்த வேலைக்குப் போட்ட புண்ணியவான் நல்லா இருக்கட்டும்!

அன்று ஏழாம் வகுப்பில் அவள் "யானை" என்று கிசுகிசுத்தாள். வரிசை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. மூலையில் நோட்டு திருத்திக்கொண்டிருந்த கணக்கு வாத்தியார் மட்டும் நிமிரவில்லை. பிள்ளைகளை எப்போதும் "என்ன முணுமுணுப்பு? சத்தமாச் சொல்லு!" என்று அதட்டுகிறவர்.

அக்காவுக்குச் சந்தேகம் தட்டியது. பூனைபோல அவர் பின்னால் போனாள்.

"சார், காலடியில பாம்பு."

பிள்ளைகள் பெஞ்சுமேல் ஏறிவிட்டார்கள். அவர் அடுத்த நோட்டை எடுத்தார். அக்கா ஒரு பரிசோதனை அட்டையில் அவர் பெயரை எழுதி, வகுப்பு என்ற இடத்தில் 'ஏழு' என்று போட்டாள்.

மறுமாதம் வாத்தியார் காதில் கருவியோடு வந்தார். விசாரிக்க அக்கா வாசலில் தலை காட்டினாள். கடைசி பெஞ்சில் யாரோ ஏதோ முணுமுணுத்தார்கள். வாத்தியார் துள்ளி எழுந்தார்.

"சிஸ்டர், நல்லாக் கேட்குது! லவுட்ஸ்பீக்கர் வருதுன்னு உங்களைத்தான் சொல்றாங்க!"