காட்டில் கொளுத்திய கற்பூரம்

1990 ஆகஸ்ட் 4, சனிக்கிழமை, பின்னேரம் நாலு மணி பத்து நிமிடம். மேகமில்லாத வெயில். பல வாரங்களாக மழையின்றிக் காட்டுப் புல் வைக்கோலாகிக் கிடந்தது. படுக்கையும் அடுப்பும் உள்ள வேன் ஒன்றை இரண்டு இரவுக்கு வாடகைக்கு எடுத்து, லண்டனிலிருந்து காட்டுக்குள் இருந்த சுற்றுலா முகாம் ஒன்றுக்கு வந்திருந்தோம். மகள் அடுத்த மாதம் பல்கலைக்கழக விடுதிக்குப் போகவிருந்தாள். அதற்குமுன் மூவருமாக ஒருமுறை காட்டில் தங்கவேண்டுமென்று அவள்தான் ஆசைப்பட்டாள். அவள் எங்களிடம் எதையும் கேட்கிற பிள்ளையல்ல.

புது இடத்தில் படுக்குமுன் சாமி கும்பிடவேண்டுமென்று என் மனைவி வந்தவுடனேயே வேனின் முன்சில்லு உருண்டு நின்ற இடத்தருகே நிலத்தில் கற்பூரம் கொளுத்தினாள். நானும் கைகூப்பி நின்றேன். முகாம் காவலர் ஓடிவந்து அதைச் சப்பாத்தால் மிதித்து அணைத்தார். இந்த வெயிலில் காடே எரிந்துவிடும், இனிக் கொளுத்தாமல் தங்குங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

"சாமிக்குக் கொளுத்தினதை மிதிச்சுப்போட்டான். இனி இஞ்சை படுக்க ஏலாது," என்றாள் மனைவி.

"அவர் மிதிச்சது நெருப்பை, அம்மா. சாமியை இல்லை," என்ற மகள் என் பக்கம் திரும்பினாள். "அப்பா, நீங்களாவது சொல்லுங்கோ."

எனக்கும் அது அபசகுனமாகவே பட்டது. "வீட்டை போவம், பிள்ளை," என்றேன்.

சமைக்க எடுத்த சட்டியை மகள் திரும்பப் பெட்டிக்குள் வைத்தாள். விடுதிக்குப் போன பிறகு விருந்தாளிபோல் வந்துபோனாள். எங்காவது போவோமா என்று நான் கேட்டபோதெல்லாம், "நேரமில்லை, அப்பா," என்றாள்.

ஒருவரும் படுக்காத அந்த வேனுக்கு வாடகை, முகாம் கட்டணம், பெற்றோல் எல்லாமாக நூற்று நாற்பத்தாறு பவுண் அறுபது பென்ஸ்.