டீத் தட்டைப் பிடித்த கை

நாகலூர் எஸ்டேட் ஒன்றில் எருவாகும் காப்பித் தோல் குவியலைக் கிளறும் வேலை ஓர் அம்மாவுக்கு. முழங்கை வரை உள்ளே விட்டுச் சூடு பார்ப்பார்; அந்தக் கை கறுத்தே இருக்கும்.

காற்றில்லாமல் அழுகும் தோலிலிருந்து கிளம்பிப் பூமியைச் சூடாக்கும் வாயுவைக் குறைக்கும் திட்டத்துக்காக, எஸ்டேட் முதலாளிகளையும் கணக்கெழுதும் ரைட்டர்களையும் அழைத்துக் கூட்டம் போட்டேன். குவியலை எப்போது கிளற வேண்டும் என்று கேட்டதும், முதலாளிகள் ரைட்டர்களைப் பார்த்தார்கள்; ரைட்டர்கள் முதலாளிகளைப் பார்த்தார்கள்.

கூட்டம் முடிந்ததும், டம்ளர்களை எடுத்துக்கொண்டே அந்த அம்மா சொன்னார்: "சூடு எறங்குனா உள்ள காத்து இல்லைன்னு அர்த்தமுங்க. அன்னிக்கே கெளறோணும்."

"கூட்டத்திலேயே சொல்லியிருக்கலாமே?" என்றேன்.

"டீ குடுக்கத்தானுங்க கூப்புட்டீங்க."

அவர் சொன்னதைக் கூட்டத்தின் முடிவாக அறிக்கையில் எழுதினேன். அதிலுள்ள படத்தில் டீத் தட்டும் அந்தக் கறுத்த கையும் இருக்கின்றன. முகம் வராதபடி படத்தை வெட்டியவன் நான்தான்.