பச்சைக் கட்டம்

எங்கள் ஆஸ்பத்திரி லேபில், ரத்த மெஷினுக்குப் பக்கத்து ஆணியில், பிளாஸ்டிக் உறை போட்ட தாள்கட்டு ஒன்று தொங்குகிறது. தினமும் அதைத் துடைக்கிறேன். கல்வராயன் மலை ஈரத்தில் பிளாஸ்டிக்கில்கூடப் பூசணம் பூத்துவிடும். அக்காவின் கையெழுத்து அழிந்துவிடுமோ என்று பயம். அழிந்தால்தான் என்ன, இனி அதைப் பார்த்து யார் எதைச் செய்யப்போகிறார்கள் என்றும் தோன்றும். இருந்தாலும் துடைக்கிறேன்.

லேப் அக்கா எலவனாசூர்கோட்டைப் பக்கம். ரத்த அணுக்களை எண்ணும் அந்த மெஷினையும் அதை ஓட்டும் கம்ப்யூட்டரையும் மலைமேல் அவர் ஒருவர்தான் அறிந்தவர். கம்பெனி கொடுத்த புத்தகம் தலையணை கனம், முழுக்க இங்கிலீஷ். ஆபரேஷனுக்காக அவர் மலையிறங்கியே ஆக வேண்டும் என்று டாக்டர் சொன்னதும் அந்தப் புத்தகத்தைப் பிரித்து உட்கார்ந்துவிட்டார். தான் இல்லாதபோது மெஷின் நிற்கக் கூடாது. நின்றால் காய்ச்சல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சனங்கள் கள்ளக்குறிச்சிவரை பஸ்ஸில் போக வேண்டும். தன் உடம்பைவிட அவருக்கு அதுதான் கவலை.

நான் எட்டாவதோடு நின்றவள். கூட்டித் துடைக்கும் வேலை. எதற்கெடுத்தாலும் பயம். அந்தப் பயத்தையே அக்கா வேலைக்கு எடுத்துக்கொண்டார். "வாடி பயந்தாங்கொள்ளி, இன்னிக்கி இன்னாத்துக்கு பயந்துக்கினு வந்துகீற, சொல்லு" என்பார். நடுவில் கரண்ட் போனால்? மருந்துத் தண்ணீர் தீர்ந்துவிட்டது என்று அது கத்தினால்? ஒருவர் ரத்தம் இன்னொருவர் பெயரில் ஏறிவிட்டால்? நான் கேட்கக் கேட்க ஒவ்வொரு பயத்துக்கும் ஒரு தாள் எழுதினார். கம்பெனிப் புத்தகம் மெஷினின் பாகங்களை வரிசையாகச் சொன்னது. அக்காவின் கட்டு என் பயங்களின் வரிசையில் போனது, அடிக்கடி வருவது மேலே, எப்போதோ வருவது அடியில். திரையைப் படமெடுத்து ஒட்டிப் பக்கத்தில் தமிழில் எழுதினார். பட்டன்களின் இங்கிலீஷ் பெயர்கள் என் வாயில் நுழையவில்லை. "பேரு இன்னாத்துக்குக்கா, கலர சொல்லுங்க, எடத்த சொல்லுங்க" என்றேன். அதுவே சுலபம் என்று எங்கள் நர்ஸ் சிஸ்டரும் சொன்னார். கீழே வலப்பக்கம் பச்சைக் கட்டம், மேலே சல்லடை மாதிரி மஞ்சள் படம் என்றே எழுதினார். ஒரு பெயர்கூட எழுதவில்லை.

ஆபரேஷனுக்குப் போன அக்கா திரும்பவில்லை. கல்லறையில் மண்ணள்ளிப் போட்டுவிட்டு வந்த மறுநாள், சிஸ்டரும் நானும் தாளைப் பார்த்து மெஷினைப் போட்டோம். பச்சைக் கட்டத்தை அமுக்கியதும் ஓடியது. சிஸ்டர் என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார். அந்த மழைக்காலக் காய்ச்சல் சீசன் முழுக்க மெஷின் நிற்காமல் ஓடியது.

பிறகு சர்வீசுக்கு வந்த கம்பெனி ஆள் புது சாஃப்ட்வேர் போட்டார். ஒருமுறை வேகவேகமாகக் காட்டினார். "முன்னைக்கி இது ஜாஸ்தி ஈசிங்க சிஸ்டர், பழகிடும்" என்று சொல்லி பைக்கில் மலையிறங்கிப் போய்விட்டார். மறுநாள் திரையில் பச்சையும் இல்லை, சல்லடையும் இல்லை. எல்லாம் சாம்பல் நிறம், வெறும் எழுத்து. சிக்னல் கிடைக்கும் மேட்டில் ஏறிச் சிஸ்டர் கம்பெனி ஆளுக்குப் போன் போட்டார்.

"எந்த பட்டனுங்க?"

"பச்சையா இருந்துச்சே, அதுங்க."

"பேர சொல்லுங்க சிஸ்டர். கலர வெச்சி நான் இன்னாத்த கண்டுபிடிக்கிறது?"

சிஸ்டர் எழுத்துக்கூட்டிப் படிப்பார். ஆனால் தாளில் ஒட்டிய படத்தில் நிறம்தான் தெரிகிறது, எழுத்து பொடியாகக் கலங்கிக் கிடக்கிறது; பழைய பச்சைக் கட்டம் இதில் எது? தவறாக அமுக்கித் தவறான ரிசல்ட் வந்தால் ஒரு பிள்ளையின் உயிர். சிஸ்டர் மெஷினைத் துணிபோட்டு மூடினார். அடுத்த சர்வீசில் பார்க்கலாம் என்றது கம்பெனி. வேறு லேப் ஆள் யாரும் மலையேறச் சம்மதிக்கவில்லை.

இன்று காலையும் ஒரு தாய், நெருப்பாய்க் கொதிக்கும் பிள்ளையோடு நின்றாள். "கள்ளக்குறிச்சிக்குப் போயிடும்மா" என்றார் சிஸ்டர். "அதான் மெஷின் இங்கயே கீதே" என்றாள் அவள். சிஸ்டர் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். அவர்கள் ஏறிய பஸ் வளைவில் மறைந்தது.

தாள்கட்டை ஆணியிலிருந்து எடுத்துத் துடைத்தேன். எல்லாவற்றுக்கும் பயந்த எனக்கு, மெஷினே மாறிவிட்டால் என்ற பயம் மட்டும் வரவில்லை. வந்திருந்தால் அதற்கும் அக்கா ஒரு தாள் எழுதியிருப்பார். முதல் தாளில், உறைக்குள், அந்தப் பச்சைக் கட்டம் இன்னும் பளிச்சென்று இருக்கிறது.