பொட்டில்லாத ரிலே

என் வீட்டுக்காரர் வீரையாவைப் பற்றி யாராவது கேட்டால் நான் முதலில் சொல்வது, அந்த மனுஷனுக்குக் கோபப்படத் தெரியாது என்பதைத்தான். பாராட்டாகச் சொல்லவில்லை. அவருக்கும் சேர்த்து நானே கோபப்பட்டு என் தொண்டை போனதுதான் மிச்சம்.

கலஹா பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், தொழிலாளர் லயத்தில் பிறந்தவர். லொறிக் கிளீனராகக் கண்டிக்கு வந்து, பிறகு லொறி ஓட்டி, வேன் ஓட்டி, கடைசியில் சொந்தமாக ஒரு பழைய ஜப்பான் கார் வாங்கி வாடகைக்கு, ஹயர் ஓடத் தொடங்கினார். குண்டசாலையில் எங்களுக்கு வாடகை வீடு. நான் வீட்டில் இருந்து சட்டை தைக்கிறேன். ஆனால் எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது அம்பிட்டிய ஹயரால்தான். அங்கே அன்னலட்சுமி மேடம் என்ற ஓய்வுபெற்ற டீச்சர், வெளிநாட்டுக்காரர் தங்குகிற விடுதி ஒன்றை நடத்துகிறார். விமான நிலையத்தில் இருந்து விருந்தாளிகளைக் கூட்டி வருவதும் திரும்பக் கொண்டுபோய் விடுவதும் வீரையாவின் வேலை. மேடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான், காருக்குள் குளிர வேண்டும். மற்றபடி தங்கமான மனுஷி.

ஐப்பசி மழைக்குள் ஒரு நாள் அந்தக் குளிர் நின்றுவிட்டது. கண்டி கார் ஸ்டாண்டில் மத்தியானச் சோற்றைச் சாப்பிட்டுவிட்டு விமான நிலையத்துக்குப் புறப்பட்டவர், பேராதனையைத் தாண்டும்போது ஏசியைப் போட்டிருக்கிறார்; வெறும் காற்றுதான் வந்திருக்கிறது. திரும்பி வரும்போது சரியான மழை. கண்ணாடியை இறக்கவும் முடியாது, ஏற்றினால் உள்ளே ஆவி பிடித்து ரோடு தெரியாது. ஒரு கையால் துவாயைப் பிடித்துக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துக் கடுகண்ணாவ ஏற்றம் ஏறியிருக்கிறார். பின் சீட்டில் இருந்த வெள்ளைக்காரப் பிள்ளைகள் இரண்டும் வாந்தி எடுத்துவிட்டன. மேடம் திட்டவில்லை. சரிசெய்துகொண்டு வாங்க, அதுவரைக்கும் வேறு காரை அனுப்புங்க என்று மட்டும் சொன்னார். இவர் உடனே சண்முகநாதனை அனுப்பினார்.

சண்முகநாதன் யார் என்று சொல்ல வேண்டும். சொல்லும்போதே எனக்கு வயிறு எரிகிறது. வீரையாவுக்கு இருந்த ஒரே சிநேகிதன். ஸ்டாண்டில் இரண்டு பேரும் முன்னும் பின்னுமாக நிற்பார்கள். இரண்டு பேர் காரும் ஒரே மாதிரி, நிறம்தான் வேறு; ஒன்றாகப் போய் வாங்கியது. அந்த ஸ்டாண்டில் ஒரு வழக்கம் உண்டு. முன்னால் ஒரு கார் ஹயர் போனால் பின்னால் நிற்பதெல்லாம் ஒவ்வொன்றாக நகர வேண்டும். அதனால் சாப்பிடப் போகிறவர் சாவியைப் பின்னால் நிற்கிற ஆளிடம் கொடுத்துவிட்டுப் போவார். அந்த ஆள் இரண்டு காரையும் நகர்த்திவிடுவார். சாவி கொடுக்காமல் பையில் போட்டுக்கொண்டு போகிறவனை அங்கே ஒருத்தரும் மதிக்க மாட்டார்கள். வீரையாவின் சாவி சண்முகநாதன் கையில் இருந்த நேரம்தான் அதிகம் என்று நான் கேலி செய்வேன்.

அடுத்து வந்த நாட்களில் எங்கள் முற்றம் கராஜாகிவிட்டது. இவர் தானே பார்க்கிறேன் என்று பொனட்டைத் திறந்து வைத்துக்கொண்டார். முன்னால் இருக்கிற கண்டென்சரைக் குழாய்த் தண்ணீர் அடித்துக் கழுவினார். டாஷ்போர்டுப் பெட்டியைக் கழற்றி அதன் பின்னால் இருந்த பில்டரை எடுத்துத் தட்டினார். அதிலிருந்து வந்த தூசியும் காய்ந்த இலையும் நான் உலர்த்தியிருந்த துணி முழுக்கப் படிந்தன.

"இந்தாங்க, கார் சரியாகுதோ இல்லியோ, நான் தச்ச சட்டையெல்லாம் திரும்பத் துவைக்கணும்" என்றேன்.

"கொஞ்சம் பொறு ராஜேஸ்வரி. சண்முகம் ஞாயித்துக்கெழம வர்றேன்னிருக்கான்" என்றார்.

வந்தான். நல்ல சட்டை போட்டுக்கொண்டு, எங்கள் வீட்டுக் கதிரையை முற்றத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நான் சுட்ட வடையைத் தின்று, பாலில்லாத பிளேன்டீயும் குடித்தான். பிறகு எழுந்து பொனட்டுக்குள் எட்டிப் பார்த்து, கம்ப்ரசரை விரலால் ஒரு தட்டுத் தட்டினான்.

"கம்ப்ரசர் போச்சு மச்சான். இத மாத்தாம ஒண்ணும் நடக்காது."

"வேற ஏதாச்சும் சின்னக் கோளாறா இருக்குமோன்னு பாத்தேன்" என்றார் இவர்.

"சின்னதுன்னா தானாச் சரியாயிரும். எனக்கும் போன மாசம் குளிர் விட்டு விட்டு வந்துச்சு. அப்புறம் தானாச் சரியாப் போச்சுல்ல."

போகும்போது என்னிடம், "கவலப்படாத தங்கச்சி. அம்பிட்டிய ஹயர் எங்கயும் போகாது, நான் பாத்துக்கிறேன்" என்றான். அந்த வார்த்தைக்கு நான் நன்றி வேறு சொன்னேன். என் வாயில் மண்ணைத்தான் போட வேண்டும்.

கம்ப்ரசர் மாற்றுவது எங்கள் தகுதிக்குப் பெரிய செலவு. அதற்குமுன் இன்னொருவரும் பார்க்கட்டும் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். அலவத்துகொடயில் இருந்து பாயிஸ் வந்தார். கார் ஏசி வேலைதான் அவருக்குத் தொழில். என்ஜினை ஓட விட்டு, ஏசியைப் போடச் சொல்லி, கம்ப்ரசரின் முன் தட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஏசி போட்டால் அந்தத் தட்டு டக்கென்று ஒட்டிக்கொண்டு சுற்ற வேண்டுமாம். அது அசையவே இல்லை. கேஸ் அளந்து பார்த்தார். பிறகு பல்ப் கட்டிய வயரை அங்கே இங்கே தொட்டுப் பார்த்தார்.

"கேஸ் சரியா இரிக்கி. கம்ப்ரசருக்கு ஒண்டும் இல்ல அண்ணன். இதுக்குக் கரண்டே வரல்ல. பியூஸ் பெட்டியத் தொறந்து பாப்பம்" என்றார்.

பெட்டியின் மூடியைத் திறந்தவர் சிரித்துவிட்டார். உள்ளே இருந்த கறுப்புச் சதுரங்களில் எல்லாம் சந்தனப் பொட்டும் அதன் நடுவில் குங்குமமும் இருந்தன. அது என் கைவேலை. ஆயுத பூசையன்று காருக்குப் பொட்டு வைக்கும்போது பொனட்டையும் திறந்து வைத்திருந்தார் இவர். இந்தப் பெட்டிதான் கரண்டுக்கு இதயம் மாதிரி, இந்தச் சதுரமெல்லாம் ஒவ்வொன்றுக்கும் கரண்டைத் திறந்து விடுகிற ரிலே என்று விளக்கம் வேறு சொன்னார். இதயம் என்றால் விட முடியுமா? தையல் மெஷினுக்கு வைக்கிறேன், கத்தரிக்கோலுக்கு வைக்கிறேன், அதற்கும் ஒவ்வொன்றாக வைத்தேன்.

"ரிலேக்கெல்லாம் பொட்டு வச்ச ஒரே ஆள் நீங்கதான் அக்கா" என்றார் பாயிஸ். சிரித்துக்கொண்டே ஹோர்ன் ரிலேயைப் பிடுங்கி, ஏசி ரிலே இருந்த இடத்தில் செருகினார். இரண்டும் ஒரே மாதிரியாம். டக்கென்று சத்தம் கேட்டது. தட்டு சுற்றியது. கொஞ்ச நேரத்தில் காருக்குள் இருந்து பழைய குளிர் வந்தது. இவர் சின்னப் பிள்ளை மாதிரி முகத்தை அந்தக் காற்றில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

பாயிஸ் கழற்றி வைத்த கெட்டுப்போன ரிலேயை நான் கையில் எடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அதில் பொட்டு இல்லை.

"இது எங்க காருது இல்ல" என்றேன்.

"அழிஞ்சு போயிருக்கும்" என்றார் இவர், காருக்குள் இருந்தபடியே.

"மூடி போட்ட பெட்டிக்குள்ள மத்தது எல்லாம் அப்படியே இருக்கு, இது மட்டும் எப்படி அழியும்? நான் ஒண்ணையும் விடல."

பாயிஸ் அதை வாங்கிப் பார்த்தார். துணியால் கையைத் துடைத்தார். "மாத்தியிரிக்காங்க போல" என்றார் மெதுவாக. பூசைக்குப் பிறகு எங்கள் கார் எந்தக் கராஜுக்கும் போகவில்லை. இதே மாதிரி ரிலே இருக்கிற இன்னொரு கார் யாருடையது என்று வீரையாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்தக் காரின் ஏசி தானாகச் சரியான கதையையும் எங்கள் முற்றத்தில் நின்று சொன்னவன்தானே. வடையை வேறு சூடாகத் தின்றான், படுபாவி.

இவர் நம்பவில்லை. நம்ப மாட்டேன் என்று ஒரே பிடி. நான் செருப்பை மாட்டிக்கொண்டு காரில் ஏறி உட்கார்ந்தேன்.

"வாங்க அம்பிட்டியவுக்கு. கார் சரியாயிருச்சுன்னு மேடத்துக்கிட்டச் சொல்லணுமில்ல. அவனும் அங்கதான் இருப்பான்."

அவனும் இருந்தான். விடுதி வாசலில் காரைத் துடைத்துக்கொண்டிருந்தான். எங்களைக் கண்டதும் கையில் இருந்த துணியைத் தோளில் போட்டுக்கொண்டு சிரித்தான்.

"பொனட்டத் தொறங்கண்ணே" என்றேன்.

அவன் வீரையாவைப் பார்த்தான். வீரையா நிலத்தைப் பார்த்தார். பிறகு அவனே திறந்தான். பெட்டி மூடியை நான்தான் எடுத்தேன். பொட்டில்லாத சதுரங்களுக்கு நடுவே ஒன்றே ஒன்று, சந்தனமும் குங்குமமுமாக.

"அன்னிக்கு எனக்கு அவசர ஹயர் மச்சான்" என்றான் சண்முகநாதன். "ஏசி நின்னுபோச்சு. ஒன் சாவி கையில இருந்துச்சு. மறுநா மாத்தி வச்சிரலாம்னுதான் எடுத்தேன். அப்புறம் மேடத்தோட ஹயர் வந்துருச்சா, அதுலயே நாள் போயிருச்சு."

"ஞாயித்துக்கெழம வந்து கம்ப்ரசர் போச்சுன்னீங்களே, அது எதுல போச்சு?" என்றேன்.

வீரையா குனிந்து அந்த ரிலேயைப் பிடுங்கினார். பொட்டில்லாததை அவன் கையில் வைத்தார். "கேட்டிருந்தா நானே கழட்டித் தந்திருப்பேனேடா" என்று மட்டும் சொன்னார். அந்தக் குரலைக் கேட்டதும் எனக்குத் தெரிந்துவிட்டது, இந்த மனுஷன் இவனை மன்னித்துவிடுவார். நாளைக்கே சாவியைக் கொடுத்தாலும் கொடுப்பார்.

அப்போதுதான் அன்னலட்சுமி மேடம் வெளியே வந்தார். வீரையாவைக் கண்டதும் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"வீரையா, ஏன் காரை நீங்களே ஓட்டிட்டு வந்தீங்க? சண்முகநாதன் எல்லாம் சொன்னார். வருத்தப்பட்டுத்தான் சொன்னார். மனசைத் தளர விடாதீங்க, இப்ப எல்லாம் நல்ல ஒப்பரேஷன் இருக்கு."

"என்ன ஒப்பரேஷன் மேடம்?" என்றேன்.

"கண்ணுக்குத்தான். ராத்திரியில ரோடே தெரியலையாமே. அன்னைக்கு அந்தப் பிள்ளைகள் வாந்தி எடுத்ததும் வளைவுல கார் தடுமாறினதாலதானாம். நீங்க சொல்லத் தயங்கினது எனக்கு விளங்குது. ஆனா விருந்தாளிகளை இனி உங்ககூட அனுப்ப எனக்குத் துணிச்சல் இல்லை."

நான் கத்தினேன். ஏசி இல்லாமல் கண்ணாடியில் ஆவி பிடித்தது, அதற்குக் காரணம் இதோ நிற்கிற இவன், ரிலேயைப் பாருங்கள், பொட்டைப் பாருங்கள் என்று எல்லாவற்றையும் கொட்டினேன். மேடம் பொறுமையாகக் கேட்டார். சண்முகநாதனை ஒரு பார்வை பார்த்தார். அவனை இனிமேல் கூப்பிடப் போவதில்லை என்றும் சொன்னார். பிறகு வீரையாவின் பக்கம் திரும்பி, "ரிலே கதை இருக்கட்டும். கண் நல்லா இருக்குன்னு நீங்க உங்க வாயால சொல்லுங்க, நாளைக்கே வாங்க" என்றார்.

இவர் சொல்லவில்லை. சொல்லுங்க என்று நான் தோளில் இடித்தேன். அப்போதும் சொல்லவில்லை. மேடத்தைக் கும்பிட்டுவிட்டுப் போய்க் காரில் ஏறிக்கொண்டார்.

அம்பிட்டிய இறக்கத்தில் பாதித் தூரம் வந்தபிறகு கேட்டேன்.

"கண்ணுக்கு என்ன?"

"ராத்திரியில எதிர்ல வர்ற லைட்டு பூப்பூவா விரியுது. பகல்ல ஒண்ணுமில்ல."

"எத்தன நாளா?"

"ஒரு வருஷம் இருக்கும்."

ஒரு வருஷம். ஒரே பாயில் படுத்து, ஒரே சட்டியில் சாப்பிட்டு, ராத்திரி ஹயர் போகிறவருக்கு பிளாஸ்க்கில் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து அனுப்பியிருக்கிறேன்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ கோபப்படுவேன்னு."

நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டே, "அவங்கிட்ட எப்ப சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"தெரிஞ்ச அன்னிக்கே" என்றார்.