துருப்பிடிக்காத லேத்து

மரக்காணம் பக்கத்துப் பள்ளி ஒன்றுக்கு 2005இல் பிளஸ் டூ தொழிற்பிரிவு செய்முறைத் தேர்வு நடத்தப் போயிருந்தேன். அங்கே அந்தப் பாடம் எடுத்தவர் ஒல்லியான மனிதர். பேசும்போதும் எண்ணெய்த் துணியால், இரும்பு கடையும் லேத்து இயந்திரத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். உப்பளக் காற்றில் ஜன்னல் கம்பியே இற்றுப்போயிருந்தது. லேத்தில் ஒரு பொட்டுத் துரு இல்லை.

"நல்லா வச்சிருக்கீங்க சார்" என்றேன்.

அவர் முகம் சிறுத்துப்போனது. "ஓடுனாத்தானே சார் தேயும். வாங்கினதோட சரி, அது ஓட த்ரீ பேஸ் கரண்ட் லைன் வேணும், இன்னும் வரலீங்க. பசங்க கையால சுத்திக் காட்டுவாங்க. மார்க்கை மட்டும் கொறச்சிடாதீங்க."

மாணவர்கள் ஒவ்வொருவராக வந்து சுற்றினார்கள். அவர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். நானும் தலை நிமிராமல் மார்க் போட்டேன்.

இன்றும் பளபளக்கிற இயந்திரத்தைப் பார்த்தால் பாராட்ட எனக்கு வாய் வருவதில்லை.