நூத்தி நாப்பத்தேழு, உள்ளேன் ஐயா

வகுப்புக்குள் வந்ததும் கிளியம்மாள் உட்கார மாட்டார். கடைசி பெஞ்சுக்குப் பின்னால் சுவரில் சாய்ந்துகொண்டு, நோட்டை இடது கையில் ஏந்தியபடி முதல் அரை மணி நேரம் நின்றே பாடம் கேட்பார். "உக்காந்தன்னா தூங்கிடுவேன் சார். நீங்க நடத்துங்க, நான் நின்னுகினே எழுதிக்கறேன்" என்பார். காலை ஆறு முதல் இரண்டு வரை கம்பெனியில் நின்ற கால்கள். ஒரு கால் மாற்றி ஒரு காலில் அவர் நிற்பதைப் பார்த்தால் எனக்கே கெண்டைக்கால் வலிக்கும். என் பாடம் வரலாறு. நின்றுகொண்டு கேட்கிற அளவுக்கு நான் ஒன்றும் பிரமாதமாக நடத்துவதில்லை.

வயது முப்பத்தொன்பது. வீடு வல்லத்தில். வேலை பெங்களூர் ரோட்டுப் பக்கம் ஒரு மாத்திரைக் கம்பெனியின் பேக்கிங் பிரிவில், பதினான்கு வருடமாக. பியூசியோடு நின்றுபோன படிப்பை இருபது வருடம் கழித்து எங்கள் மாலைக் கல்லூரியில் பி.ஏ. என்று தொடங்கினார். இது கடைசி வருடம். அறிவுத் தாகம், அது இது என்றெல்லாம் பேசுகிற ரகமில்லை. கம்பெனியில் பேக்கிங் சூப்பர்வைசர் வேலைக்கு உள்ளே இருப்பவர்களையும் எடுப்பார்களாம். டிகிரி இருக்க வேண்டும், நாற்பது வயதைத் தாண்டியிருக்கக் கூடாது. "அந்த வேலைக்கு நாற்காலி கீது சார்" என்றார் ஒருநாள். வருகிற ஆடியில் அவருக்கு நாற்பது நிறைகிறது.

வருகைப் பதிவு எடுக்கும்போதுதான் வேடிக்கை. "கிளியம்மாள்" என்று கூப்பிட்டால், "நூத்தி நாப்பத்தேழு!" என்று பதில் வரும். அது கம்பெனி டோக்கன் நம்பர். பேக்கிங் ஹாலில் எல்லோருக்கும் தலையில் தொப்பி, வாயில் துணி, கண் மட்டும்தான் வெளியே தெரியும். அங்கே யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. வகுப்பு கொல்லென்று சிரிக்கும். நாக்கைக் கடித்துக்கொண்டு, "உள்ளேன் ஐயா" என்று சேர்த்துக்கொள்வார். சில வாரங்களில் அதுவும் தப்பிப்போய், "நூத்தி அறுபத்திரெண்டு" என்பார். "இன்னாக்கா, சொந்த நம்பரே மறந்துபூட்டியா?" என்று வெல்டர் மைக்கேல்ராஜ் சீண்டுவான். அப்போது மட்டும் அவர் சிரிக்க மாட்டார். அசதியில் உளறுகிறார் என்று நினைத்தேன். வாத்தியாருக்கு எல்லாம் தெரிந்துவிடுமா என்ன!

மாணவர் பேரவையில் மாலைப் பிரிவுச் செயலாளராக அவர் ஆனது ஒரு குறும்பால். தமிழ்வாணன் என்றொரு பையன் விளையாட்டாக அவர் பெயரை வேட்புமனுவில் எழுதிக் கொண்டுவந்து நீட்டினான். "இதுக்கு இன்னா செய்யணும்?" என்று கேட்டார். "குறை இருந்தா பிரின்சிபால்கிட்ட போய் சொல்லணும்க்கா" என்றான். "அவ்ளோதானா, குடு" என்று வாங்கிக் கையெழுத்துப் போட்டார். ஜெயித்தும் விட்டார். சிரித்தவன் வாய் மூடிக்கொண்டது.

பெண்கள் அறையைப் பகல் கல்லூரிக்காரர்கள் ஐந்து மணிக்குப் பூட்டிச் சாவியை எடுத்துப்போவது எங்கள் கல்லூரியில் பல வருட வழக்கம். கிளியம்மாள் மூன்று நாள் ஆபீஸ் வாசலில் நின்றார். சண்டையில்லை, கோஷமில்லை. "சாவி கெடைக்கட்டும் சார், போயிடறேன்" என்று ஒரே பல்லவி. நான்காம் நாள் சாவி வந்தது. கல்லூரி விழாவுக்கு முந்நூறு புளிசாதப் பொட்டலம் கட்ட வேண்டியிருந்தபோது பையன்களை வரிசையாக நிறுத்தி, "லைன் நிக்கக்கூடாது, கைய பாத்து வேல செய்யி" என்று பேக்கிங் ஹால் பாணியில் அதட்டி முக்கால் மணியில் முடித்தார். கிழிந்திருந்த ஒரு பொட்டலத்தை "ரிஜெக்ட்டு" என்று தள்ளிவைத்தார். எல்லோரும் சாப்பிட்டபின் அதைத்தான் எடுத்துச் சாப்பிட்டார்.

இந்த வருடம் புதிதாக ஒரு பூதம் கிளம்பியது. நூற்றுக்கு எழுபத்தைந்து நாள் வருகை இல்லாவிட்டால் ஹால் டிக்கெட் இல்லை, வருடம் முழுக்கத் திரும்பப் படிக்க வேண்டும் என்று பிரின்சிபால் கறாராகச் சொல்லிவிட்டார். மருத்துவச் சான்றிதழும் செல்லாது. போன வருடம் ஒரே டாக்டரிடமிருந்து நாற்பது பேருக்கு மஞ்சள் காமாலை வந்திருந்தது. ஷிஃப்ட் வேலை பார்ப்பவர்கள் நாளுக்கு எங்கே போவார்கள்? இறுதி வருடத்தில் மட்டும் பன்னிரண்டு பேர் மாட்டிக்கொண்டார்கள். கிளியம்மாளும் அதில் ஒருவர். ஆறு நாள் குறைகிறது.

அவர்தான் பிரின்சிபாலிடம் நடையாய் நடந்தார். கடைசியில் பிரின்சிபால் இறங்கிவந்தார். எந்தெந்தத் தேதியில் பி ஷிஃப்ட், அதாவது பகல் இரண்டு முதல் இரவு பத்து வரை வேலை இருந்தது என்று கம்பெனி கடிதம் கொடுத்தால், அந்த நாட்களை மன்னிக்கலாம். கடிதம் கேட்க வாய் வராத பயல்களுக்காக இவரே கம்பெனி கம்பெனியாகப் போய் கேட்டில் நின்றார். அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருவனான எல்லப்பனின் கம்பெனியில் செக்யூரிட்டி துரத்தியே விட்டான். மறுநாளும் போனார்.

மார்ச் மாதம் ஒரு மாலை, பன்னிரண்டு கடிதங்களையும் என் மேஜைமேல் வைத்தார். முகமெல்லாம் சிரிப்பு. "அல்லாம் சரியா கீதா பாருங்க சார்." அவருடைய கடிதம்தான் மேலே இருந்தது. பதிவேட்டைத் திறந்து தேதிகளை ஒப்பிட்டேன். ஆகஸ்ட் பதினாறு, பி ஷிஃப்ட். என் பதிவேட்டில் வரவில்லை. சரி. பதினேழு, பி ஷிஃப்ட். என் பதிவேட்டில் வந்திருக்கிறார். இருபது, அதேபோல. இருபத்தொன்றும். ஒரே ஆள் மாலை ஆறு மணிக்குக் கம்பெனியிலும் என் வகுப்பிலும் எப்படி இருக்க முடியும்? நிமிர்ந்து பார்த்தேன். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

"நூற்று அறுபத்திரண்டு யாரும்மா?" என்று கேட்டேன்.

"சசிகலா சார். கூட வேல செய்யிறவ. என் பி ஷிஃப்ட அவ பாத்துப்பா, அவ காலை ஷிஃப்ட நான் பாத்துப்பேன். கார்ட மாத்தி அடிச்சிப்போம். மூஞ்சிய மூடிகினு கீறோம், எவன் பாக்கறான்? அவளால முடியாதப்பதான் எனுக்கு இங்க லீவு வுழுந்துச்சி." மேஜைமேல் இருந்த தன் கடிதத்தைத் தொட்டுக் காட்டினார். "இந்த லெட்டரு உள்ள போனா இன்னா ஆவும் சார்?"

"ஆபீஸில் கட்டாயம் ஒப்பிடுவார்கள். கம்பெனிக்கு போன் போடுவார்கள்."

"அப்ப அவ வேல பூடும்."

"உங்கள் வேலையும்தான்."

"எனுக்கு ஆசை, நான் செஞ்சேன். அவ எனுக்கோசரம் செஞ்சா சார். ரெண்டு புள்ளிங்கள வெச்சிகினு தனியா கீறா." தன் கடிதத்தை எடுத்து நான்காக மடித்துக் கைப்பைக்குள் போட்டார். மீதிக் கடிதங்களின் ஓரத்தைத் தட்டிச் சரிசெய்து என் பக்கம் நகர்த்தினார். "பதினொன்ன பாருங்க சார், டைமாவுது."

சிவப்பு மையில் ஆறு இடத்தில் திருத்தினால் போதும். என் கையெழுத்து, என் பதிவேடு. எனக்குப் பென்ஷனுக்கு மூன்று வருடம் இருக்கிறது. நான் திருத்தவில்லை. எழுதும்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது. இதில் பெயரையும் நம்பரையும் மாற்றியிருக்கிறேன், கம்பெனிக்காரர்கள் தேடிக் களைக்க வேண்டாம்.

பதினொரு ஹால் டிக்கெட்டும் வந்தன. செயலாளர் என்ற முறையில் அவர்தான் பெயர் வாசித்துக் கொடுத்தார். "அக்கா, உன்னுது எங்க?" என்று மைக்கேல்ராஜ் கேட்டான். "எனுக்கு ஷார்ட்டேஜு. பத்தரமா வெச்சிக்கோ, தொலச்சிட்டு வந்து என் உயிர வாங்காத" என்றார். அவன் தன் டிக்கெட்டை மடிக்காமல் நோட்டுக்குள் வைத்துக்கொண்டான்.

ஏப்ரலில் முதல் பரீட்சை அன்று காலை அவர் கல்லூரியில் இருந்தார். வேலைக்குப் போகவில்லையா என்று கேட்டேன். "லீவு எப்பவோ எழுதிக் குடுத்துட்டேன் சார். வூட்ல குந்திகினு இன்னா பண்றது? இவங்க பையிங்கள பாத்துக்கறேன்" என்றார். ஹாலுக்குள் பை கொண்டுபோகக் கூடாது. மாடிப்படியில் பதினொரு பைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். பத்து மணிக்கு மணி அடித்தது. நான் மேற்பார்வைக்குப் போனேன்.

அரை மணி கழித்துத் தண்ணீர் குடிக்க வெளியே வந்தபோது கூப்பிட்டார்.

"மீதி கொஸ்டின் பேப்பர் எதுனா கீதா சார்?"

ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தேன். பைகளை ஓரமாக ஒதுக்கி, மடியில் ஒரு அட்டையை வைத்து, வெள்ளைத்தாளில் ஓரம் மடித்தார். முதல் கேள்வியை இரண்டு தடவை படித்தார்.

"அரை மணி லேட்டு. ஒரு மணிக்கு பெல்லடிச்சா ஒரு கொரல் குடுங்க சார், நிறுத்திடறேன்" என்று சொல்லிவிட்டு, பேனா மூடியைக் கழற்றினார்.